புள்ளி

வினிபெக் நூலகத்தின் கீழ்த்தளம்.
ஒன்பதுக்குப் பூட்டிவிடுவார்கள்.
நாலு பேர், ஐந்து மடிக்கணினி.
ஐந்தாவது, குப்பைக்குப் போகவிருந்தது,
இப்போது லினக்ஸில் மூச்சுவிடுகிறது.

எழுத்துருவில் கோளாறு:
'பக்கம்' என்று அடித்தால்
'பககம' என்று விழுகிறது.
ஒக்சானாவுக்குத் தமிழில் ஓரெழுத்தும் தெரியாது.
ஆனாலும் மூன்று செவ்வாய்க்கிழமைகளாக
ககரத்தின் தலைக்கு மேல்
ஒரு சின்ன வட்டத்தை நகர்த்திக்கொண்டிருக்கிறாள்,
இம்மி இடம், இம்மி வலம்.
லெஸ்டர் நிரலைத் திருத்துகிறார்,
திருத்தியதையே உடைக்கிறார்,
தன் காசில் வாங்கிய டோனட்டை
எல்லோருக்கும் நீட்டுகிறார்.

"இந்தப் புள்ளி என்னதான் செய்யும்?"
"உயிரை எடுத்துவிடும்."
"எடுத்தால்?"
"மெய்."
சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது.

அவள் சிரிக்கவில்லை.
திரையை இன்னும் பெரிதாக்கினாள்.
"அப்படியென்றால் கோணலாக வைக்கக் கூடாது."

எட்டு ஐம்பத்தேழுக்குச் சேர்த்தாள்.
குறிப்பு: ஒன்று ஆயிற்று, பாக்கி பதினேழு.

வெளியே மைனஸ் இருபத்தெட்டு.
பேருந்து வரும்வரை
நால்வரும் ஒரே கண்ணாடிக் கூண்டில்.
என் பையில் அந்த ஐந்தாவது கணினி,
அதில்
'பக்கம'
என்ற அளவுக்கு வந்திருந்தோம்.