உப்புத் தின்ற வண்டி

விற்பது நானில்லை, என் இடது முழங்கால்
என்றாள் ஐலா ஹக்கலா.
கைத்தடியால் கராஜ் கதவைத் தட்டிக் காட்டினாள்.
உள்ளே இரண்டே கதவு, தாழ்ந்த கூரை,
வற்றல் மிளகாய்ச் சிவப்பு,
பத்தொன்பது வயது.
ஓட்டுபவர் இருக்கையின் இடது ஓரம் மட்டும்
ஏறி இறங்கி ஏறி இறங்கி
நைந்திருந்தது.

காந்தத்தைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு போயிருந்தேன்.
பின்சக்கர வளைவில் வைத்தேன். வழுக்கியது.
கொஞ்சம் மேலே. ஒட்டியது.
கீழே. மறுபடி வழுக்கியது.
பெயின்ட்டுக்கு அடியில் இரும்பில்லை,
பட்டி வைத்துத் தேய்த்த பொய்.
நான் அவளைப் பார்த்தேன்.
அவள் கூரையைப் பார்த்தாள்.
"அது எனக்கு முந்தினவன் செய்தது."
எல்லாப் பழைய வண்டிக்கும்
ஒரு முந்தினவன் இருக்கிறான்.

கியர்க் குமிழில் ஒன்று முதல் நான்கு வரை
தேய்ந்து அழிந்துவிட்டன.
ஐந்து மங்கல்.
பின்னால் போவதற்கான எழுத்து மட்டும் புத்தம் புதிது.
இதில் ஏதோ வாழ்க்கைத் தத்துவம் இருக்கிறது என்று
ஒரு நிமிடம் நெகிழ்ந்து நின்றேன்.
வெளியே வந்து பார்த்தால்
வண்டி வட்டமடிக்க அவள் வீட்டு முன்னால்
தாராளமாய் இடம்.

ஓட்டிப் பார்த்தேன்.
கிளட்ச் மேலே வந்துதான் பிடிக்கிறது.
மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினால்
சோற்றில் கல் கடிபட்டதுபோல் ஒரு நறநற.
"இரண்டாவதைப் பிடுங்காதே" என்றாள் பக்கத்திலிருந்து,
"காத்திரு. அதுவாகக் கொடுக்கும்."
அவள் இடது பாதம்
இல்லாத மிதியை அழுத்திக்கொண்டே வந்தது.

துருவுக்காக அறுநூறு டாலர் குறைத்தாள்.
எங்கே வேலை என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் விற்றிருக்கமாட்டாள்.
ஈரி ஏரிக்கு அடியில்
இரண்டாயிரம் அடி ஆழத்தில்
உப்பு வெட்டுகிறவன் நான்.
நாங்கள் வெடி வைத்து உடைப்பதை
நவம்பர் முதல் லாரிகள் தெருத்தெருவாய்த் தூவும்.
பனி ஒரு மணி நேரத்தில் கரைந்துவிடும்.
உப்புக்கு அவசரமில்லை,
ஒவ்வொரு வண்டியின் அடிவயிற்றையும்
உட்கார்ந்து தின்னும்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள்.
ஒஹாயோவில் துருப்பிடித்த ஒவ்வொரு கதவும்
என்னைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறது.

ஆகவே சனிக்கிழமைகளில்
அட்டையை விரித்து அதன் கீழே மல்லாந்து கிடக்கிறேன்.
கியர் ஆயிலை வடித்தேன்,
கறுப்புக் கஷாயத்தில் பித்தளைத் துகள் மினுங்கிற்று.
வால்வு மூடியின் கேஸ்கெட் மாற்றினேன்.
பிளக் குழிகளில் எண்ணெய் நின்றது
மழை விட்ட மறுநாள் குளம்படிகளில்போல.
பத்து எம்எம் சாக்கெட் என்ஜினுக்குள் எங்கோ விழுந்தது.
இதுவரை மூன்று.
ரசீதுகளை மர்னா ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுவைக்கிறாள்.
கூட்டிப் பார்த்ததில்லை.
கூட்டினால் வண்டி நின்றுவிடும் என்று
இருவருக்குமே ஒரு எண்ணம்.

பனிக்காலத்தில் இதை வெளியே எடுப்பதில்லை என்று
சபதம் செய்திருந்தேன்.
ஜனவரி பதினொன்று, மர்னாவின் லாரிக்கு பேட்டரி செத்தது.
ஷிஃப்ட் முடிந்து மேலே வந்தபோது
விடிகாலை மூன்று மணி.
தெருவெங்கும் வெள்ளை.
பாதி பனி, பாதி நான்.

காசு போட்டுக் கழுவும் கொட்டகை ஒன்று திறந்திருந்தது.
உப்புத் தின்றவன் தண்ணீர் குடித்தாகவேண்டும்.
குனிந்து, சக்கர வளைவுகளுக்குள், அடித்தகட்டில்,
அந்தப் பட்டிப் பொய்யின் ஓரத்தில்கூடக்
குழாயைப் பிடித்தேன்.
நாலு நிமிடத்துக்கு மூன்று டாலர்.
பையில் இருந்ததெல்லாம் போட்டேன்.
என் கோட்டிலிருந்தும்
கொஞ்சம் உப்பு கரைந்து ஓடியது.

முடித்துத் திரும்பினால்
ஓட்டுநர் கதவு உறைந்து ஒட்டிக்கொண்டது.
மறுபக்கம் ஏறி, கியர்க்கம்பியைத் தாண்டி
உடம்பை மடக்கிப் போனதில்
இடது முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது.
ஐலாவுக்கு எடுபட்டதும் இதே காலா, என்று
தேவையில்லாமல் ஒரு நினைப்பு.

சாவி.
முதலாவது விழுந்தது.
தெரு முனையில் இரண்டாவதைக் கேட்டேன்,
காத்திருந்தேன்.