ஒரு கிராமுக்கு ஒரு கிரவுண்டு

மணலியில் ஆலையை நிறுத்தினால்தான்
எங்களுக்கு வேலை.
நாலு நாள் ஆறவிட்ட கோபுரத்துக்குள் இறங்கி
மூன்று வருஷத்துப் பழைய குளிகைகளை அள்ள வேண்டும்.
குளிகை என்றால் மருந்துக்கடை மாத்திரை அல்ல,
கேழ்வரகு சேமியாவை ஒடித்துப் போட்டது மாதிரி,
கறுப்பு.

இறங்குமுன் ரோஸ்லின் மேடம்
சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் வரைந்தார்.
மேலடுக்குக் குளிகை டீசலிலிருந்து கந்தகத்தைப் பிடுங்கும்.
கீழடுக்கு மெழுகை வெட்டும்.
ஒவ்வொன்றுக்குள்ளும் துளை, துளைக்குள் துளை.
நேரான சங்கிலி நுழையும்,
கிளைவிட்ட மூலக்கூறு வாசலில் முட்டித் திரும்பும்.
நுழைந்தது துண்டாகித்தான் வெளியே வரும்.
எது நேர், எது கிளை என்று
யார் நின்று பார்க்கிறார்கள், கேட்டேன்.
யாருமில்லை, வாசலின் அகலம்தான் வாட்ச்மேன் என்றார்.
பிறகு போகிறபோக்கில் ஒன்று சொன்னார்:
ஒரு கிராம் குளிகையின் உட்சுவர் மொத்தத்தையும் பிரித்து விரித்தால்
ஒரு கிரவுண்டுக்குக் குறையாது.

ஒரு கிரவுண்டு!
மாதவரத்தில் இன்றைக்கு என்ன விலை?
ஹெல்மெட்டுக்குள் நான் சிரித்தது
யாருக்கும் கேட்கவில்லை.

மேன்ஹோல் இருபத்து நான்கு அங்குலம்.
தொப்பை வைத்த சையத் பாய் மேலேயே நிற்பார்.
நான் நேரான சங்கிலி, முதல் ஆள்.
உள்ளே முழுக்க நைட்ரஜன்.
பழைய குளிகை காற்றுப்பட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும்,
அதனால் காற்றுக்கு அனுமதியில்லை, எனக்கு உண்டு.
என் காற்று குழாயில் வருகிறது.
இரண்டு குழாய், ஒன்று போனால் இன்னொன்று.
ஹெல்மெட்டைப் பூட்டியாயிற்று, நானாகக் கழற்ற முடியாது.
மேலே இருசப்பன் திரையில் என் மூச்சை எண்ணிக்கொண்டிருக்கிறான்.
ஆம்புலன்ஸ் ஒன்று இன்ஜினை அணைக்காமல் நிற்கிறது.
ஒரு ஆளை உள்ளே விடப் பன்னிரண்டு கையெழுத்து.

தேசிங்கு இறங்கியதும் இருபத்து நான்கு அங்குலம்தான்.
சாவு எடுத்த மறுநாள்
டேப்பை எடுத்துக்கொண்டு புளியந்தோப்புக்குப் போனேன்.
நடுரோட்டில் முட்டி போட்டு அளந்தேன்.
பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
சித்தப்பா மகன்.
இடுப்பில் ஒரு கயிறு, அதுவும் கொடிக்கயிறு.
ஒரு கையெழுத்தும் கிடையாது.
பிறகுதான் போட்டார்கள், நிறையப் பேர்.
அந்தக் காகிதத்தில் காரணம் இருந்தது:
ஒரு கந்தகம், இரண்டு ஹைட்ரஜன்.

மேடத்திடம் அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.
போன வாரம்தான் கேட்டேன்.
ஆமாம், அதேதான், இங்கேயும் அதுதான் வருகிறது என்றார்.
குளிகை டீசலிலிருந்து அதைத்தான் பிடுங்குகிறது,
ஒரு கந்தகத்தை இரண்டு ஹைட்ரஜனோடு கட்டி.
குழாய்வழி கொண்டுபோய் எரித்து, குளிர்வித்து,
மஞ்சள் கட்டியாக்கி லாரியில் ஏற்றுகிறார்கள்.
பத்து லட்சத்தில் பத்துக்கு மேல்
டீசலில் தங்கக்கூடாது, சட்டம்.
அந்தப் பேருந்துக்குள் போகும் டீசலில்.

மேடம் கொஞ்சநேரம் பேசாமல் சாக்பீஸை உருட்டினார்.
யாராவது இருந்தார்களா உங்களுக்கு என்று கேட்டார்.
சைரன் அடித்தது, இறங்கிவிட்டேன்.

ராத்திரி எர்ணாவூரில்
வாசலில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றி உதறினேன்.
கொட்டியது ஒரு சிட்டிகை.
எடைபோடத் தராசில்லை,
அரை கிரவுண்டு தேறலாம்.
துளையெல்லாம் கரி அடைத்துப் போன நிலம்,
பட்டா கிடைக்காது.
கடல்பக்கமிருந்து காற்று வந்தது.
பற்றும் என்றார்களே,
குனிந்து பார்த்தபடி இருந்தேன்.
பற்றவில்லை.
அவ்வளவு கொஞ்சம்.