நாற்பத்தோராம் பகுதி

நடிகர் சம்பளம் கூட்டிக் கேட்டார்.
ஆகவே வியாழன் இரவு, மழையில்,
டாக்டர் ஃபெரிதூன் மேல் லாரியை ஏற்றினாள்
தொடரை எழுதும் நெஸ்லிஷா.

இஸ்தான்புல்லில் வெள்ளி விடிந்தது.
மூன்றாம் மாடி ஷுக்ரான் கதவைத் தட்டினாள்,
அழுது வீங்கிய கண்ணோடு.
கையில் தட்டு. அதில் சூடாக,
பைன் கொட்டை தூவி,
இறந்தவருக்காகக் கிண்டுகிற ரவை அல்வா.
“அவருக்கு நீங்கள்தானே நெருக்கம்.”

சம்பளக் கதையைச் சொல்லியிருக்கலாம்.
நெஸ்லிஷா கரண்டி தேடினாள்.

படிக்கட்டில் உட்கார்ந்து இருவரும் தின்றார்கள்.
“வலித்திருக்குமா?”
“இல்லை. உடனே போய்விட்டது உயிர்.”
அப்படி ஒரு வரி திரைக்கதையில் இல்லை.

தட்டைக் கழுவித் துடைத்தாள்.
வெறுந்தட்டைத் திருப்பும் வழக்கம்
அங்கும் கிடையாது.
அடுத்த வியாழனுக்குள்
அதில் எதையாவது வைத்தாக வேண்டும்.