பிரபஞ்சம் முழுவதும்

மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டான் ஒடிண்டோ.
கையில் திலாப்பியா முள்.
"பிரபஞ்சம் முழுவதும்னு போட்டிருக்கு" என்றான்.
கிசுமுவில் காலையிலிருந்து கரண்ட் இல்லை.
வியாழனிலும் சனியிலும் எங்கள் பாட்டை விற்கும் உரிமை
முகாம்பி கம்பெனிக்கு,
என்றென்றைக்கும்.
"சனியில் வசூலுக்கு யாரை அனுப்புவார்?"
வெக்கேசா மேசையில் தாளம் போட்டுச் சிரித்தான்.

அவினோ சிரிக்கவில்லை.
பத்தொன்பது வயதில்
படிக்காமல் ஒரு கையெழுத்துப் போட்டவள்.
சொல் அவளுடையது, மெட்டு அவளுடையது.
பதிவு மட்டும் இல்லை:
மனை உன் பேரில்,
மேலே நிற்கும் வீட்டுக்கு அடுத்தவன் பேரில் பட்டா.
போன வருஷம் அதே பாட்டை இணையத்தில் ஏற்றினாள்.
மறுநாள் நீக்கிவிட்டார்கள்,
அந்த ஒலி வேறொருவர் சொத்தாம்.
மீன்காரியின் போனுக்கு யார் அழைத்தாலும்
அவினோதான் பாடுகிறாள்.
அந்தக் காசு எந்தத் தெருவில் திரும்பிப் போகிறதென்று
அவளிடம் யாரும் சொன்னதில்லை.

ஒப்பந்தத்தை நாலாய் மடித்து
மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தோம்.
ஆட்டம் நின்றது.
முகாம்பியால் எங்களுக்கு வந்த முதல் லாபம்.

பிறகு மெழுகுவத்தி வெளிச்சத்தில் நூறைப் பிரித்தோம்.
அதைவிட ஒரு மாட்டைப் பிரிக்கலாம்.
"என் ஏழு சுரம் இல்லாமல் பாட்டு எங்கே ஆரம்பிக்கும்?" என்றான் ஒடிண்டோ.
"என் அடி இல்லாமல் எங்கே முடியும்?" என்றான் வெக்கேசா.
நான் பேஸ் வாசிப்பவன்.
பேஸ் நின்றால்தான் அது இருந்தது தெரியும்;
இதைச் சதவீதத்தில் எப்படி எழுதுவது?
பதினெட்டு என்றேன்.
யாரும் மறுக்கவில்லை,
இருபத்திரண்டு கேட்டிருக்கலாம்.
பாட்டுக்கு ஒரு தாள், பதிவுக்கு ஒரு தாள்.
அவினோ இரண்டையும் ஒன்றாகப் பின் அடிக்க விடவில்லை.

முடிந்தது என்று நினைத்தபோது
வெக்கேசா கேட்டான்: "அந்தச் சிரிப்பு?"

எங்கள் சமையலறையில் பதிவு செய்த அன்று
கதவருகே நின்று கேட்ட வேர்க்கடலைக்காரப் பெண்.
கடைசி அடியில் நான் தடுமாறியபோது
அவள் சிரித்தது அப்படியே விழுந்திருந்தது.
பாட்டிலேயே நல்ல இடம் அதுதான், எல்லோரும் சொன்னார்கள்.
இரண்டு சதவீதம் ஒதுக்கினோம்.
பெயர்க் கட்டம் காலி.

பேருந்து நிலையத்தில் நாலு நாள் தேடினோம்.
ஐந்தாம் நாள் கிடைத்தாள். பெயர் நெக்கேசா,
காதில் இயர்போனை வைத்ததும்
அவள் முகம் மாறியது.
"என்னைக் கேட்டீங்களா?"
இரண்டு சதவீதம் என்றோம். மூன்று என்றோம்.
"அன்னைக்கு நான் கடனுக்குச் சரக்கெடுத்த நாள்.
அந்தச் சிரிப்பு வெளியில் போக வேண்டாம்."
கடலைக்குக் காசு வாங்கிக்கொண்டு
அடுத்த பேருந்தை நோக்கிப் போய்விட்டாள்.

வெட்டி எடுத்தோம்.
நான் தடுமாறுவது இப்போது துணையில்லாமல் கேட்கிறது.
அதன் பின் இரண்டு விநாடி,
சிரிப்பு இருந்த இடத்தில்,
ஃப்ரிட்ஜின் முனகல்.

ஃப்ரிட்ஜ் வீட்டுக்காரருடையது.
அவரிடம் இன்னும் கேட்கவில்லை.