இரண்டுக்கு ஒன்று

படகுக் கொட்டகையில் மைனஸ் ஒன்பது.
அந்தக் குளிரில் எபாக்சி இறுகாது,
தேன்போலத் தயங்கியே நிற்கும் என்றார்
ஃபின்ஸ்னெஸ் கடைக்காரர்.
ஆகவே மேசை சமையலறைக்குக் குடிவந்தது.

அவர் இரண்டு டப்பாக்களை எடுத்து வைத்தார்.
ஒன்று ஆழமாக ஊற்ற, மெல்ல இறுக.
மற்றது மேற்பூச்சுக்கு.
அதைக் கனமாக ஊற்றினால்
தன் சூட்டில் தானே வெந்துபோகும்.
வெயிலில் மஞ்சளிக்காத ரகத்துக்கு
நானூறு குரோனர் கூடுதல்.

"வெயிலா?" என்றேன்.
மணி பதினொன்றரை, பகல்.
வெளியே நீல இருட்டில்
தெருவிளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.
"மே மாதம் வந்தால் அது போகவே போகாதே."
வாங்கினேன்.

கொதிக்கும் கெட்டிலை நேராக வைக்கக் கூடாது,
பூச்சு இளகும், வட்டம் விழும்.
இதை ஐவிந்திடம் சொன்னேன்.
இருபது வருடமாக நேராக வைப்பவன்
தலையாட்டினான்.

பிர்ச் பலகை.
மரம் மூச்சு விடும்.
மெல்லிய முதல் பூச்சால் வாயை அடைக்காவிட்டால்
இரவெல்லாம் குமிழி விட்டுப் பழிவாங்கும்.
அடைத்தேன், காயவிட்டேன், தேய்த்தேன்.

பிறகு
பிசின் இரண்டு பங்கு, இறுக்கி ஒரு பங்கு.
கண்ணளவு உதவாது, இது மீன் சூப் இல்லை.
இறுக்கி கூடினால் சீக்கிரம் இறுகும் என்பது
சோம்பேறிகளின் நம்பிக்கை.
ஆறு நிமிடம் கலக்கினேன்,
கிண்ணத்தின் ஓரத்தை வழித்து வழித்து.
ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கலக்காமல் நிற்பது
கடைசிவரை பிசுபிசுக்கும்.

ஊற்றினேன்.
தானாகப் பரவி, மூலை தேடிப் போய், நின்றது.
சுடரை மேலே ஒரு வீச்சு வீசினேன்,
குமிழிகள் பொட்டுப் பொட்டென்று வெடித்தன.
கிண்ணத்தில் மிஞ்சியது புகைய ஆரம்பித்தது.
வாசல் பனியில் இறக்கி வைத்தேன்,
குழி பறித்துக்கொண்டு உள்ளே போனது.

'யாரும் தொடாதீர்கள்' என்று கதவில் ஒட்டினேன்.
எங்கள் வீட்டில் யாரும் என்றால்
ஐவிந்த்.

மறுநாள் விளக்கொளியில்
மேசை உறைந்த குளம்போல் இருந்தது.
இடது ஓரத்தில் மட்டும் ஒரு மங்கல்,
மொச்சைக்கொட்டை அளவு.

"தொட்டாயா?"
"இல்லை."
"பின்னே பூனையா?"
"நம்மிடம் பூனை இல்லை, தோருன்."

மூன்று வாரம் அதற்குமேல் பேச்சில்லை.
கெட்டில் மரக்கட்டைமேல்தான் உட்கார்ந்தது,
ஒவ்வொரு முறையும், பிசகாமல்.
அவன் அவ்வளவு ஒழுங்காக நடந்துகொண்டதே
எனக்குச் சாட்சியாகப் பட்டது.

இன்று மலை விளிம்புக்கு மேல் சூரியன் வந்தது.
ஐம்பத்தைந்து நாளுக்குப் பின், நான்கு நிமிடம்.
சூரிய பன் வாங்க ஊரே பேக்கரியில் நிற்கிறது,
ஐவிந்தும்.

படுக்கைவாட்டில் வந்த வெளிச்சம்
மேசையின் குறுக்கே ஊர்ந்தது.
விளக்கு சொல்லாததையெல்லாம் சொன்னது:
ஒரு முடி, தூசி, துணி நார்.
மங்கலோ மங்கலாக இல்லை.
ரேகைகள், வளையத்துக்குள் வளையம்,
நடுவே குறுக்காக ஒரு வெட்டு.

என் பெருவிரலைத் திருப்பினேன்.
பதினேழு வயதில், மீன் ஆலையில்,
காட் மீனைக் கிழித்த கத்தி.

இரவு இரண்டு மணி.
உறையைக் கழற்றிவிட்டு,
இறுகிவிட்டதா என்று,
ஒரே ஒரு தடவை.

வைத்துப் பார்த்தேன்.
பொருந்தியது.

தேய்த்துவிடலாம்.
இருநூற்று இருபதாம் எண் தாள், பிறகு புதுப் பூச்சு.
சொரசொரப்பாக்கினால்
தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் பொருள் இது.
தாளை எடுத்தேன்.
அதற்குள் நான்கு நிமிடம் தீர்ந்து
அது மறுபடி வெறும் மங்கல் ஆகிவிட்டது.

வாசலில் பூட்ஸ் இரண்டு முறை தட்டியது,
பனி உதிர.

அடுப்பிலிருந்து கெட்டிலை எடுத்து
நேராக அந்த இடத்தில் வைத்தேன்.

பன் பொட்டலத்தோடு நின்றவன்
கெட்டிலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"கட்டை எங்கே?"

"இருக்கட்டும்" என்றேன்.
"உட்கார்."