எண்பத்தொன்று

சயான் பக்கம் ஒரு கல்லூரி, மூன்றாம் மாடி.
ஜன்னலை மூடினால் புழுக்கம், திறந்தால் சாரல்.
நாங்கள் ஒன்பது பேர், ஐந்நூற்றுச் சொச்சம் விடைத்தாள்கள்.
எனக்கு நான்காம் கேள்வி மட்டும்.
காலையிலிருந்து
ஒரே தப்பு, நூறு கையெழுத்தில்.

0286.
பெயர் கிடையாது, எண்தான்.
முதல் வரியே நிமிர்ந்து உட்கார வைத்தது.
ஒரே கூட்டத்தை இரண்டு வாசலில் நின்று எண்ணுகிற வழி:
தாதரில் இந்தப் படியில் ஏறுகிறவர்களை நீ எண்ணு,
அந்தப் படியில் இறங்குகிறவர்களை நான் எண்ணுகிறேன்,
பாலத்தில் யாரும் தங்காவிட்டால்
இரண்டும் ஒன்றுதானே.
எங்கள் விடைக்குறிப்பில் இரண்டு பக்கம் ஓடுவது
இங்கே பதினோரு வரி.

பதினோரு வரிக்கும் குறுக்கே
மூலைக்கு மூலை ஒரு கோடு.
பேனா தாளைக் கிழித்திருந்தது.

நிரூபணம் ஆங்கிலத்தில்.
ஓரத்தில், பென்சிலில், தமிழில்:
"சே. 14க்கே உடையுதே."

அந்த அறையில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி.
ஏதோ புதுக் குறியீடு என்று நினைத்தாள் கிஷோரி ஆப்தே.

14 போட்டுப் பார்த்தேன்.
இடப்பக்கம் தொண்ணூற்றொன்று.
வலப்பக்கம் பதின்மூன்றை ஏழால் பெருக்க வேண்டும்;
அந்தக் கை எண்பத்தொன்று என்று எழுதியிருக்கிறது.
பத்து குறைகிறது.
அந்தப் பத்துக்காக எல்லாவற்றையும் அடித்துவிட்டு
பிறகு வேறு ஏதேதோ,
எங்கும் போய்ச் சேராத மூன்று பக்கம்.

விதி ஏழு: அடித்த பகுதிக்கு மதிப்பெண் இல்லை.
கர்ணிக் சாரிடம் எடுத்துப் போனேன்.
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்தார்,
இன்னொரு முறை படித்தார்,
"வாஹ்" என்றார்.
தேநீர் ஆடை கட்டும்வரை பேசவில்லை.
அப்புறம், "எழுதினவரே நம்பலையே" என்றார்,
தாளைத் திருப்பி என் பக்கம் தள்ளி.

பூஜ்யம் போட்டேன். கூட்டிச் சரிபார்த்து
கையெழுத்தும் போட்டேன்.

விடைத்தாள்கள் திரும்பிப் போவதில்லை.
அக்டோபரில் எடைக்குப் போகும்.
தெரிந்தும்
பென்சில் எழுத்துக்குக் கீழே சிவப்பில் எழுதினேன்:
உடையலை. பெருக்கலைப் பார்.

எட்டே முக்கால் வண்டி. பெண்கள் பெட்டியில் நிற்க இடமில்லை.
முதுகுப்பையை முன்னால் மாட்டிய எத்தனையோ பேர்,
யாராவது தமிழில் "சே" என்கிறார்களா என்று
கேட்டுக்கொண்டே வந்தேன்.
காட்கோபரில் ஒருத்தி சொன்னாள்.
அவள் காலை
யாரோ மிதித்துவிட்டார்கள்.