முப்பத்தேழு டிகிரி

முருகன்குறிச்சியில் தார் இளகி
செருப்பைப் பிடித்து இழுக்கிற கத்திரி வெயிலில்
காலுறை போட்டு பஸ் ஏறுகிறவள்
நான் ஒருத்திதான்.
இலவசச் சீட்டைத் தருகையில்
விரல் பட்டு நிமிர்ந்து பார்ப்பார் கண்டக்டர்.
இப்போது பார்ப்பதில்லை.
பழகிவிட்டது, அவருக்கும்.

வண்ணார்பேட்டை லேபில்
ரத்தம் எடுப்பது என் வேலை.
ஆறரைக்கே வெறும்வயிற்றோடு வரிசை நிற்கும்.
நரம்பு தேடி நான் தொட்டதும்
ஊசிக்கு முன்னமே ஒரு துள்ளல்.
“ஐஸ்பெட்டிக்குள்ள இருந்தா தாயி வாரிய?”
சிரிப்பேன். வேறென்ன செய்ய.
ஒரு கிழவர் மட்டும்
ஒன்றும் சொல்லாமல் கையை உருவிக்கொண்டார்.
முந்தின நாள் அவர் கடைசியாக
யார் கையைப் பிடித்திருந்தார் என்று
மகள்தான் பிறகு வந்து சொன்னாள்.

என் ரத்தத்தையும் நானே எடுத்தேன்,
இடதுகையிலிருந்து.
ஒன்பது புள்ளி இரண்டு.
தைராய்டு சரி, சர்க்கரை சரி.
“சில பேருக்கு உடம்பு வாகு அப்படி”
என்றார் டாக்டர், மாத்திரை எழுதியபடி.
இரும்பு உள்ளே போய் மூன்று மாதத்தில்
எண் பதினொன்று ஆனது.
விரல்களுக்கு அந்தச் செய்தி
இன்னும் போய்ச் சேரவில்லை.

முதல் டோக்கனைக் கூப்பிடுமுன்
டீக்கடைக் கண்ணாடி கிளாஸை
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில்
ஆறும்வரை வைத்திருப்பேன்.
குடிப்பது அவ்வளவு முக்கியமில்லை.
மூலையில் பழைய இன்குபேட்டர்,
ராப்பகலாக முப்பத்தேழு டிகிரி,
கிருமிகளுக்கு இஷ்டமான சூடு.
கதவிடுக்கில் கொஞ்சம் கசியும்.
ஆள் இல்லாத நேரம்
அங்கே கையை ஒட்டவைத்து நிற்பேன்.
உள்ளே யாரோ ஒருவருடைய சளி
சுகமாக வளர்ந்துகொண்டிருக்கும்.

தளவாய்க்கு வெல்டிங் பட்டறை.
உலையிலிருந்து எடுத்த மாதிரிதான்
வீட்டுக்குள் வருவார்.
ஃபேன் அவருக்கு ஐந்தில் வேண்டும்,
எனக்கு ஒன்றே மிகை.
மூன்று என்பது எங்கள் கல்யாணத்தின் எண்.
காலி குளுக்கோஸ் பாட்டிலில் சுடுதண்ணி நிரப்பி
கால்மாட்டில் வைத்துப் படுப்பேன்.
தூக்கத்தில் அது உருண்டு அவர் பக்கம் போகும்.
“ஏட்டி, ஒம் பிள்ளையத் தூக்கி
அங்கிட்டுப் போடு.”
ஏழு வருஷத்தில் இந்த வீட்டுக்குள்
அந்தச் சொல்லுக்கு வாய்த்தது
ஒரு பாட்டில்தான்.
சொன்ன பிறகு அவரும் தூங்கமாட்டார்.
ஃபேன் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டே
கிடப்போம்.

போன செவ்வாய், முக்கூடலில் இருந்து ஒருத்தி.
டோக்கன் பத்தொன்பது, பூலம்மாள்.
பீடி சுற்றுகிற கை,
நகக்கண்ணில் புகையிலைத் தூள்.
நரம்பைத் தடவிப் பார்த்தேன்.
துள்ளவில்லை.
எனக்குமே ஏதோ குறைந்த மாதிரி இருந்தது,
என்னவென்று பிடிபடவில்லை.
அவள்தான் கேட்டாள்,
“ஒங்களுக்குமா?”

குளிரும் குளிரும் தொட்டுக்கொண்டால்
இரண்டுக்குமே தெரிவதில்லை போல.

“சுத்தும்போது வெரலு மரத்துப் போவும்லா,
சுளகுக்கு அடியில மடியில
சுடுதண்ணி பாட்டில் வச்சிக்கிடுவேன்.”
என்ன பாட்டில் என்றேன்.
“குளுக்கோஸ் பாட்டில்தான். ஒடையாதுல்லா.
மூத்தவ பொறந்தப்ப ஆஸ்பத்திரியில ஏத்துனது,
தூரப் போட மனசு வரல.
அவளுக்கே இப்ப பதினாலு வயசு.”

பஞ்சை அழுத்திக் கையை மடக்கச் சொன்னேன்.
குழாயை மூடி லேபிள் ஒட்டினேன்.
சூடாக இருந்தது.
எல்லோருடையதும் அப்படித்தான் இருக்கும்,
எடுத்த முதல் நிமிஷத்தில்.
ரேக்கில் வைக்க வேண்டியதை
விரல்களுக்குள் மூடிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
இருபதாம் டோக்கன்காரர்
எழுந்து வந்து
முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்டு
என்னைப் பார்த்தார்.